காட்டுப் பாலூட்டிகள்: பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விலங்கு என்றாலே கண் விரியும் பிள்ளைகளுக்காக எழுதியது இது. "அட, அப்படியா!" என்று சொல்ல வைக்கும் செய்திகள் இதில் நிறைய உண்டு. ஆனால் வியப்போடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒரு விலங்கிடம் விநோதமாக ஏதாவது தெரிந்தால், அதற்குப் பின்னால் அநேகமாக ஒரு பசியோ பகையோ, வெயிலோ குளிரோ இருக்கும். அதனால் "ஏன்" என்பதையும் முடிந்தவரை சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

பாலூட்டி என்று எவற்றைச் சொல்கிறோம்?

தாய் குட்டிக்குப் பால் கொடுக்க வேண்டும். உடம்பில் எப்போதாவது, எங்காவது கொஞ்சமேனும் ரோமம் இருக்க வேண்டும். டால்ஃபினுக்கு ஏது ரோமம் என்று கேட்பீர்கள். பிறக்கும்போது அதன் மூக்குப் பகுதியில் சில மயிர்கள் இருக்கும், பிறகு உதிர்ந்துவிடும். வெளியே தெரியாத அடையாளம் இன்னொன்று உண்டு: நடுக்காதில் மூன்று குட்டி எலும்புகள். பறவைக்கும் பல்லிக்கும் அந்த இடத்தில் ஒரே எலும்புதான்.

உலகில் ஏறத்தாழ 6,500 வகைப் பாலூட்டிகள் இருக்கின்றன. யானையும் சிங்கமும்தான் முதலில் நம் நினைவுக்கு வரும். ஆனால் மொத்த வகைகளில் ஐந்தில் இரண்டு பங்கு எலி, அணில் போன்ற கொறிக்கும் விலங்குகள். அடுத்த இடம் வௌவால்களுக்கு. அவற்றில் மட்டும் 1,400-க்கும் மேற்பட்ட வகைகள்.

முட்டையிடும் பாலூட்டி நிஜமாகவே இருக்கிறதா?

இருக்கிறது. பிளாட்டிபஸ் ஒன்று, உடம்பில் முட்கள் நிறைந்த எகிட்னாவில் நான்கு வகை, ஆக மொத்தம் ஐந்தே ஐந்து. எல்லாமே ஆஸ்திரேலியாவிலும் நியூ கினியிலும் வாழ்பவை.

பிளாட்டிபஸைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. வாத்தின் அலகு மாதிரி ஒரு வாய், தட்டை வால், விரல்களுக்கு இடையே சவ்வு, உடம்பெல்லாம் அடர்ந்த ரோமம். இதன் உலர்ந்த தோல் இங்கிலாந்துக்கு வந்தபோது, 1799-இல் அதை விவரித்து எழுதிய ஜார்ஜ் ஷா என்ற விலங்கியலாளர், யாராவது வேறொரு விலங்கின் உடம்பில் அலகை ஒட்டி ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகப்பட்டார். அவர்மேல் தப்பே இல்லை.

தண்ணீரில் மூழ்கியதும் பிளாட்டிபஸ் கண், காது, மூக்கு மூன்றையும் மூடிக்கொள்ளும். பிறகு எப்படி இரை தேடும்? புழுவோ இறாலோ அசையும்போது அதன் தசைகளில் மிக மெல்லிய மின்சாரம் உண்டாகிறது. பிளாட்டிபஸின் அலகில் அந்த மின்சாரத்தை உணரும் புள்ளிகள் ஏறத்தாழ 40,000 இருக்கின்றன. தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே நீந்தி, மின்சாரம் எந்தப் பக்கம் கூடுகிறது என்று பார்த்துத்தான் இரையைப் பிடிக்கிறது. கலங்கிய ஆற்றில், இருட்டில் கண்ணை நம்பி என்ன பயன்?

பால் கொடுக்கும், ஆனால் காம்பு கிடையாது. வயிற்றுத் தோலில் பால் கசியும், குட்டிகள் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆணின் பின்னங்கால் முள்ளில் விஷமும் உண்டு. இத்தனையும் ஒரே விலங்கில்!

மிகப் பெரிய பாலூட்டி எது, மிகச் சிறியது எது?

பெரியது நீலத் திமிங்கிலம். நீளம் 30 மீட்டர் வரை, எடை 150 டன்னையும் தாண்டும். எடையில் மிகச் சிறியது எட்ரூஸ்கன் மூஞ்சூறு. வளர்ந்த மூஞ்சூறே 2 கிராம்தான் இருக்கும். உடல் நீளத்தில் அதோடு போட்டி போடுவது தாய்லாந்து, மியான்மர் குகைகளில் வாழும் ஒரு வௌவால், சுமார் 3 சென்டிமீட்டர்.

இரண்டின் இதயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆய்வாளர்கள் ஒரு நீலத் திமிங்கிலத்தின் மேல் உறிஞ்சிகளால் ஒரு கருவியை ஒட்டவைத்து இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். ஆழத்தில் இருக்கும்போது நிமிடத்துக்கு இரண்டே துடிப்பு வரை இறங்கியது. மேலே மூச்சு வாங்க வந்தபோது 25-க்கும் மேல் போனது. இந்த முடிவு 2019-இல் வெளியானது. மூஞ்சூறின் இதயமோ நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் துடிக்கும்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? உடம்பு சிறிதாக ஆக, உள்ளே இருக்கும் சூடு சீக்கிரம் வெளியேறிவிடும். அந்தச் சூட்டைத் திரும்ப உண்டாக்க மூஞ்சூறு ஓயாமல் தின்ன வேண்டும். ஒரே நாளில் தன் எடையைவிட அதிகமாகத் தின்கிறது. சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே அதன் உயிருக்கு ஆபத்து.

வௌவாலுக்குக் கண் தெரியாதா?

தெரியும். எல்லா வௌவால்களுக்கும் பார்வை உண்டு. பழந்தின்னி வௌவால்களில் பெரும்பாலானவை கண்ணையும் மூக்கையும் நம்பித்தான் பறக்கின்றன. பூச்சி பிடிக்கும் சின்ன வௌவால்கள்தான் நம் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பி, அது மோதித் திரும்பும் எதிரொலியைக் கேட்டு இருட்டில் வழி கண்டுபிடிப்பவை.

தலைகீழாகத் தொங்கும்போது கால் வலிக்காதா என்றும் கேட்கிறார்கள். வலிக்காது. வௌவாலின் எடையே கால் தசைநாண்களை இழுத்து விரல்களைப் பூட்டிவிடும். பிடியை விடத்தான் அது முயற்சி எடுக்க வேண்டும். தூங்கினாலும் விழாததற்கு இதுதான் காரணம்.

யானையின் தும்பிக்கையில் எலும்பு உண்டா?

ஒன்றுகூடக் கிடையாது, முழுக்கத் தசை. அதனால்தான் எந்தப் பக்கமும் வளைகிறது, சுருள்கிறது, நீள்கிறது. ஆப்பிரிக்க யானையின் தும்பிக்கை நுனியில் விரல் போன்ற இரண்டு முனைகள், ஆசிய யானைக்கு ஒன்று.

ஆனால் யானையிடம் எனக்கு மிகவும் பிடித்தது தும்பிக்கை இல்லை, அதன் பேச்சு. 1984-இல் கேட்டி பெயின் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் போர்ட்லாந்து உயிரியல் பூங்காவில் யானைகளுக்கு அருகே நின்றுகொண்டிருந்தார். காதில் எதுவும் கேட்கவில்லை, ஆனால் காற்றில் ஓர் அதிர்வு உடம்பில் பட்டது. பிறகு கருவி வைத்துப் பதிவு செய்து பார்த்தபோதுதான், மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் யானைகள் பேசிக்கொள்வது தெரிந்தது. தாழ்ந்த ஒலி மரம் செடிகளைத் தாண்டிக் கிலோமீட்டர் கணக்கில் போகும். குடும்பங்கள் பிரிந்து மேயும் காட்டில், ஒன்றையொன்று தொலைக்காமல் இருக்க இதைவிட நல்ல வழி ஏது?

யானை குதிக்குமா? குதிக்காது. வேகமாக ஓடும்போதுகூட நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புவதில்லை.

ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எத்தனை எலும்புகள்?

ஏழு. உங்கள் கழுத்திலும் ஏழுதான்! எண்ணிக்கை கூடவில்லை, ஒவ்வொன்றும் நீண்டுவிட்டது, அவ்வளவுதான். எலிக்கும் ஏழு, திமிங்கிலத்துக்கும் ஏழு. விதிவிலக்கு மிகக் குறைவு: மரத்தில் தொங்கியபடியே வாழும் ஸ்லாத், கடல்பசுக்களில் ஒன்றான மனாட்டி.

அவ்வளவு உயரத்துக்கு ரத்தத்தை ஏற்ற வேண்டுமே? அதனால் ஒட்டகச்சிவிங்கியின் ரத்த அழுத்தம் நம்முடையதைப் போல இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தில் கால்கள் வீங்காமல் இருக்க, கால் தோல் இறுக்கமாகவும் தடிப்பாகவும் இருக்கிறது.

வரிக்குதிரைக்கு எதற்காக வரிகள்?

இந்தக் கேள்விக்கு நூறாண்டுகளுக்கும் மேலாக விஞ்ஞானிகள் சண்டை போட்டிருக்கிறார்கள். சிங்கத்தின் கண்ணைக் குழப்ப என்றார்கள் சிலர், உடம்பைக் குளிரவைக்க என்றார்கள் சிலர். இப்போது வலுவாக நிற்கும் பதில், ஈக்கள். ஆப்பிரிக்காவில் கடிக்கும் ஈக்கள் கொடிய நோய்களைப் பரப்புகின்றன. வரிக்குதிரையின் ரோமமோ குட்டையானது, ஈ சுலபமாகக் கடித்துவிடும்.

டிம் காரோ என்ற விலங்கியலாளரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்த விதம்தான் அழகு. சாதாரணக் குதிரைகளுக்கே கறுப்பு, வெள்ளை, வரி என்று மூன்று விதமான போர்வைகளை மாற்றி மாற்றிப் போர்த்திவிட்டார்கள். வரிப் போர்வையில் வந்து உட்கார்ந்த ஈக்கள் மிகக் குறைவு. அதே குதிரையின் போர்வை இல்லாத தலையில் மட்டும் வழக்கம்போல உட்கார்ந்தன! ஆக, குதிரையின் வாசனை மாறவில்லை, மாறியது வரி மட்டும்தான். வீடியோவில் பார்த்தபோது, வரிகளை நெருங்கும் ஈக்கள் வேகத்தைக் குறைக்கத் தெரியாமல் மோதுவதும் விலகிப் பறப்பதுமாக இருந்தன. இது 2019-இல் வெளியான ஆய்வு. வரிகள் ஈயின் கண்ணை எப்படிக் குழப்புகின்றன என்பதில் இன்னும் விவாதம் நடக்கிறது. விஞ்ஞானியாக ஆசைப்படும் பிள்ளைகளுக்கு இதில் வேலை பாக்கியிருக்கிறது.

புலியின் ரோமத்தை மழித்தால் வரி போய்விடுமா?

போகாது. தோலிலும் அதே வரிகள் தெரியும். நம் கைரேகைபோல ஒவ்வொரு புலிக்கும் வரி அமைப்பு தனி. காட்டில் தானியங்கி கேமரா வைத்துப் புலிகளைக் கணக்கெடுப்பவர்கள் இதை வைத்துத்தான் ஒரே புலியை இரண்டு முறை எண்ணாமல் தப்பிக்கிறார்கள்.

பனிக்கரடி வெள்ளைதானே?

தோல் கறுப்பு. ரோமத்தில் நிறமே கிடையாது. ஒளி அதில் பட்டுச் சிதறுவதால் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது.

விலங்குகள் குட்டிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்குமா?

பெரும்பாலும் குட்டிகள் பார்த்துப் பார்த்துத்தான் பழகுகின்றன. ஆனால் மீர்கேட் உண்மையான ஆசிரியர். கீரிக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் சிறு விலங்கு, தெற்கு ஆப்பிரிக்காவின் வறண்ட நிலங்களில் கூட்டமாக வாழ்கிறது. அதற்குத் தேளும் உணவு. கொட்டினால் குட்டிக்கு ஆபத்து, ஆனால் தேள் பிடிக்கத் தெரியாமல் அங்கே பிழைக்கவும் முடியாது. பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? மிகச் சின்னக் குட்டிக்குச் செத்த தேளைக் கொண்டுவந்து கொடுக்கும். கொஞ்சம் வளர்ந்ததும், கொடுக்கைக் கடித்து எடுத்துவிட்டு உயிருள்ள தேளைக் கொடுக்கும். கடைசியில் கொடுக்கோடு முழுத் தேள். குட்டி தேளைத் தவறவிட்டால் பெரியவர் மூக்கால் தள்ளித் திரும்ப அதன் முன்னால் கொண்டுவந்து விடும்.

குட்டி எந்த வகுப்பு என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்? குரலை வைத்து. 2006-இல் வெளியான ஆய்வில், சின்னக் குட்டிகள் இருந்த கூட்டத்துக்கு வளர்ந்த குட்டிகள் இரை கேட்டுக் கத்தும் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். பெரியவர்கள் உடனே உயிருள்ள இரையை அதிகமாகக் கொண்டுவரத் தொடங்கின.

காட்டு நாய்கள் தும்மி ஓட்டுப் போடுமாமே?

ஆமாம், ஆப்பிரிக்கக் காட்டு நாய்கள். ஓய்வெடுத்த கூட்டம் வேட்டைக்குக் கிளம்பலாமா வேண்டாமா என்று கூடும்போது, கிளம்ப விரும்புபவை 'ஃபுஸ்' என்று மூக்கால் காற்றை ஊதும். போட்ஸ்வானாவில் கவனித்தவர்கள் 2017-இல் சொன்னது இது: கூட்டத் தலைவரான நாய் கிளப்பிவிட்டால் மூன்று தும்மல் போதும், மற்ற நாய் கிளப்பினால் பத்துத் தும்மல் அளவுக்கு வேண்டியிருக்கிறது.

கழுதைப்புலி மற்றவை தின்று மிச்சம் வைத்ததைத்தான் தின்னுமா?

பாவம், கதைகளில் இதைப்போல அவமானப்பட்ட விலங்கு குறைவு. புள்ளிக் கழுதைப்புலி தன் உணவில் பெரும்பகுதியைத் தானே வேட்டையாடிப் பிடிக்கிறது. பல இடங்களில் அது பிடித்த இரையைச் சிங்கம்தான் வந்து பறித்துக்கொண்டு போகிறது! கூட்டத்துக்குத் தலைமை பெண்கள். 'சிரிப்பு' என்று நாம் நினைக்கும் சத்தம், பதற்றமான நேரத்தில் வருவது. எலும்பையே நொறுக்கித் தின்பதால் அதன் சாணம் காய்ந்ததும் சுண்ணாம்பாக வெளுத்துவிடும்.

வாம்பட் சதுரமாகக் கக்கா போகும் என்பது உண்மையா?

கேட்டதும் எல்லாப் பிள்ளைகளும் சிரிப்பார்கள், ஆனால் உண்மை. வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் ஆஸ்திரேலிய விலங்கான வாம்பட் போடும் சாணம் பகடைக்காய் போல ஆறு முகத்தோடு இருக்கும். இதன் குடலின் கடைசிப் பகுதியில் சுவர் எல்லா இடத்திலும் ஒரே அளவு இழுபடுவதில்லை. சில பக்கம் விறைப்பு, சில பக்கம் தளர்வு. சாணம் நன்றாகக் காய்ந்து அந்த வழியாக நகரும்போது முகங்களும் விளிம்புகளும் உருவாகின்றன. இதைக் கண்டுபிடித்த குழுவுக்கு 2019-இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கு ஆண்டுதோறும் தரும் பரிசு அது. வாம்பட் தன் எல்லையைக் காட்டப் பாறைமேலும் மரக்கட்டைமேலும் சாணம் போடும். சதுரமாக இருந்தால் அது உருளாமல் அங்கேயே கிடக்கும் என்று பலரும் சொல்கிறார்கள்.

கரடி குளிர்காலம் முழுக்கத் தூங்குமா?

குளிர்நாட்டுக் கரடி மாதக்கணக்கில் குகைக்குள் கிடக்கும். தின்னாது, குடிக்காது, சிறுநீரும் கழிக்காது. ஆனால் உடல் சூடு சில டிகிரிதான் குறையும், தொந்தரவு செய்தால் விழித்துக்கொள்ளும். தாய்க்கரடி அந்தக் குகையிலேயே குட்டியும் போடும்.

இதில் சாதனை ஆர்க்டிக் தரை அணிலுடையது. ஆண்டில் ஏழெட்டு மாதம் உறக்கம். அப்போது அதன் உடல் வெப்பம் பூஜ்யத்துக்கும் கீழே, கிட்டத்தட்ட மைனஸ் 3 டிகிரி செல்சியஸ் வரை போகிறது. இருந்தும் ரத்தம் உறைவதில்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை உடம்பை நடுக்கி நடுக்கிச் சூடேற்றிக்கொண்டு, மறுபடி உறங்கிவிடும்.

டால்ஃபினின் தூக்கம் வேறு மாதிரி. மூச்சு விட அது மேலே வந்தாக வேண்டும், அதனால் மூளையின் ஒரு பாதி தூங்கும்போது மறு பாதி விழித்திருக்கும்.

நிறம் மாறும் கண் உள்ள விலங்கு எது?

ரெயின்டீர் எனும் பனிமான். கண்ணின் பின்பக்கம் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் கோடையில் பொன்னிறமாகவும், சூரியனே எழாத ஆர்க்டிக் குளிர்காலத்தில் நீலமாகவும் இருக்கும். நீலப் படலம் ஒளியைக் கண்ணுக்குள்ளேயே அதிகம் சிதறவைப்பதால் மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவுகிறது.

காண்டாமிருகக் கொம்பும் அழுங்கின் செதிலும் மருந்தாகுமா?

ஆகாது. இரண்டும் கெரட்டின், உங்கள் நகத்தில் இருக்கும் அதே பொருள். எறும்புத்தின்னி என்றும் அழைக்கப்படும் அழுங்குதான் உடம்பெல்லாம் கெரட்டின் செதில் கொண்ட ஒரே பாலூட்டி. ஆபத்து வந்தால் சுருண்டு பந்தாகிவிடும். சிங்கத்தால்கூட அதைப் பிரிப்பது கஷ்டம். ஆனால் மனிதன் அந்தப் பந்தை அப்படியே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போகிறான். அழுங்கின் எட்டு வகைகளையும் நாடுவிட்டு நாடு விற்பதற்கு எதிரான தடை 2016-இல் முடிவானது. ஆனாலும் கடத்தல் நின்றபாடில்லை. காண்டாமிருகத்தில் வடக்கு வெள்ளை இனத்தின் கடைசி ஆணான சூடான் 2018-இல் கென்யாவில் இறந்தது. அதன் பிறகு எஞ்சியவை நாஜின், ஃபாட்டு என்ற தாயும் மகளும்தான். இதைப் படிக்கும் பிள்ளைக்குக் கோபம் வந்தால் அது நியாயமான கோபம்.

வீடியோவில் தேவாங்கு கிச்சுக்கிச்சு மூட்டியதும் கையைத் தூக்குகிறதே, அதை வளர்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். அது சந்தோஷத்தில் கையைத் தூக்கவில்லை, பயத்தில் தூக்குகிறது. ஸ்லோ லோரிஸ் எனப்படும் அந்தத் தேவாங்குக்கு முழங்கைப் பக்கம் உள்ளே ஒரு சுரப்பி இருக்கிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் சுரப்பி வாய்க்கு எட்டும். சுரப்பும் எச்சிலும் கலந்தால் விஷம். அதாவது, "கடிக்கப் போகிறேன், விலகிப் போ" என்று அது எச்சரிக்கிறது. விற்பவர்கள் கடி வாங்காமல் இருக்க அதன் பற்களைப் பிடுங்கிவிடுவதும் நடக்கிறது. இரவில் நடமாடும் அந்தக் கண்களுக்கு அறை விளக்கே வேதனை. அப்படிப்பட்ட வீடியோக்களைப் பகிராமல் இருப்பது நீங்கள் இன்றே செய்யக்கூடிய உதவி.

புல்லுக்குள் தனியாகக் கிடக்கும் மான்குட்டியையும் தூக்காதீர்கள். பல மான் இனங்களில் தாய் குட்டியை ஒளித்து வைத்துவிட்டு மேயப் போகும். காயம்பட்டிருந்தால் மட்டும் பெரியவர்களிடம் சொல்லி வனத்துறையை அழைக்கச் சொல்லுங்கள்.

எல்லாப் பாலூட்டிகளையும் கண்டுபிடித்து முடித்துவிட்டார்களா?

இல்லவே இல்லை. 1992-இல் வியட்நாம் காட்டோரத்தில் வேட்டைக்காரர் வீடுகளில் மாட்டியிருந்த நீண்ட கொம்புகளைப் பார்த்துத்தான் சாவோலா என்ற விலங்கு உலகுக்குத் தெரியவந்தது. மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த இது ஒன்றும் சின்ன விலங்கு அல்ல, நன்றாக வளர்ந்தது ஏறக்குறைய 90 கிலோ இருக்கும்! காட்டில் அதன் படத்தைத் தானியங்கி கேமரா 1999-இல்தான் முதன்முதலாக எடுத்தது.

2013-இல் அறிவிக்கப்பட்ட ஒலிங்கிட்டோவின் கதை இதைவிடச் சுவையானது. கொலம்பியா, எக்வடோர் மலைக்காடுகளில் மரத்திலேயே வாழும் சின்ன விலங்கு. அதன் தோலும் மண்டையோடும் பல பத்தாண்டுகளாக அருங்காட்சியக இழுப்பறைகளில், அதன் உறவினரான ஒலிங்கோ என்ற பெயரில் கிடந்தன. ஒலிங்கோவை ஆராய வந்த கிறிஸ்டோஃபர் ஹெல்கன் என்பவர்தான், பல்லும் மண்டையும் வேறு மாதிரி இருப்பதைக் கவனித்தார். அதோடு இன்னொன்றும் தெரியவந்தது. 1960-களின் கடைசியிலும் 1970-களிலும் ரிங்கர்ல் என்ற ஒரு பெண் ஒலிங்கிட்டோ அமெரிக்காவின் உயிரியல் பூங்காக்களிலேயே இருந்திருக்கிறது! ஒலிங்கோ என்று நினைத்து, குட்டி போடவைக்க ஊர் ஊராக அனுப்பி ஆண் ஒலிங்கோக்களோடு சேர்த்து வைத்தார்கள். அது எதனோடும் சேரவில்லை. இனமே வேறு, எப்படிச் சேரும்?